பட்டன் பெட்டி ஒத்திகையில ஓடுது, ஷோவுல காலை வாருது: ரெசொலும் + இஎஸ்பி32, உதவி வேணும்

சிப்புட்_புரொஜெக்டர் · ஞாயிறு, இரவு 11.52

வணக்கம் எல்லாருக்கும். நேத்து ராத்திரி நடந்தத இன்னிக்கு முழுக்க மனசுல போட்டு உழட்டிக்கிட்டே இருக்கேன், அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், பொறுத்துக்கங்க.

நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட். தோட்டத்துக் கதை ஒன்ன டேவான்ல, அதான் ஊரு மண்டபத்துல, நாடகமா போடுறோம். எழுதுனது எங்க அத்தை, இருபத்தெட்டு வருஷம் பால்மரம் சீவுனவங்க. பின்னாடி திரையில படம் ஓட்டுறது என் வேலை. லேப்டாப்புல ரெசொலும் அரீனான்னு படம் ஓட்டுற சாஃப்ட்வேர், ஒரு புரொஜெக்டர், அவ்ளோதான் எங்க மீடியா சர்வர். ஒவ்வொரு காட்சிக்கும் அதுல ஒரு கொலம் (column), அதத்தான் நாங்க பிரீசெட்டுன்னு சொல்லிக்கிறோம், தட்டுனா பின்னணி படம், மேல வர்ற பனிமூட்டம் லேயர், சத்தம் எல்லாம் ஒரே அடியில மாறிடும். மொத்தம் ஆறு: ரஜூலா கப்பல் (நம்ம ஆளுங்கள மலாயாவுக்கு கொண்டு வந்தது), லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு), பால்வெட்டு, மழை, பெரட்டு (வேலைக்கு முன்னாடி காலையில ஆளுங்கள நிறுத்தி பேர் கூப்புடுறது), கடைசியா செம்பனை. ஏழாவது பட்டன் திரைய இருட்டாக்குறதுக்கு.

இதுவரைக்கும் நான் ஹால் பின்னாடி உக்காந்துகிட்டு அத்தை கைய காட்டுனா மவுஸ்ல தட்டுவேன். எப்பவும் அரை நொடி லேட்டு. வசனம் எப்ப முடியுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், ஏன்னா எழுதுனவங்க அவங்க, நடிக்கிறவங்க மூச்சு வாங்குறதுகூட அவங்களுக்குத் தெரியும். அதனால இந்தத் தடவ மேடை ஓரத்துல அவங்க கையில பட்டன குடுத்துடலாம்னு முடிவு பண்ணேன். இஎஸ்பி32ன்னு வைஃபை உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, கேம் மெஷின்ல வர்ற பெரிய உருண்டை பட்டன் ஏழு, வைஃபையில ஓஎஸ்சி மெசேஜ் (ஷோ சாஃப்ட்வேருக்கு நெட்வொர்க்ல அனுப்புற கட்டளை), ரெசொலும் 7000 போர்ட்ல கேட்டுக்கிட்டு இருக்கும். வியாழன், வெள்ளி ஒத்திகை ரெண்டுலயும் நல்லா ஓடுச்சு.

சனிக்கிழமை டேவான் நெறஞ்சிடுச்சு. மொத காட்சி, அத்தை கப்பல் பட்டன அமுக்குனாங்க, ஒன்னுமே வரல. திரும்ப அமுக்குனாங்க, வரல. மூணாவது தடவ வந்துச்சு, அதுக்குள்ள அவங்க நாலாவது தடவயும் அமுக்கிட்டாங்க, கப்பல் கொஞ்சம் நகந்துட்டு திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிச்சுது. அதுகூட பரவால்ல. பெரட்டுக் காட்சியில மேடை லைட்ட பாதியா கொறைக்கிறப்ப, யாருமே தொடாம, மழை பிரீசெட் தானா வந்துடுச்சு. மேடையில இருந்த அண்ணன் ஒருத்தரு சட்டுனு துண்ட தலையில போட்டுகிட்டு சமாளிச்சாரு. ஆனா அத்தை கையெல்லாம் நடுங்கிப் போச்சு. பெரட்டு நேரத்துல மழை புடிச்சா அன்னிக்கு வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல. அடுத்த காட்சி மூணு பேரும் நிரைக்கு, அதான் மர வரிசைக்கு, போயி மரம் சீவுற காட்சி. மழை வந்துட்டா கதையே பொய்யா போயிடும், இது பாக்க வந்த பெரியவங்க எல்லாருக்கும் தெரியும்.

அதுக்குப் பொறவு அவங்க பட்டன தொடமாட்டேன்னுட்டாங்க, மிச்சத்த நான் ஓடிப் போயி மவுஸ்லயே முடிச்சேன். அடுத்த மாசம் இன்னொரு எடத்துல போடணும். எங்க தப்பு, எப்புடி சரி பண்றது?

ஈப்போ_சவுண்டு · திங்கள், காலை 7.15

தம்பி மொதல்ல நாலு கேள்வி. ரௌட்டர் எங்க இருந்துச்சு, போர்டு எங்க இருந்துச்சு? ஒத்திகையில எப்புடி வச்சீங்களோ அதே மாதிரிதான் சனிக்கிழமையும் வச்சீங்களா? பட்டன் வயரு எவ்ளோ நீளம், அது எது பக்கத்துல போச்சு? எந்த பட்டன் எந்த பின்னுல இருக்கு? இதெல்லாம் தெரியாம யாரும் ஒன்னும் சொல்ல முடியாது.

சிப்புட்_புரொஜெக்டர் · திங்கள், காலை 7.48

அண்ணே நன்றி. ரௌட்டர் லேப்டாப் பக்கத்துல, ஹால் பின்னாடி. ஒத்திகையில போர்டு பட்டன் பெட்டிக்குள்ளயே இருந்துச்சு. சனிக்கிழமை கூட்டம் வந்ததும் சிக்னல் கொறைஞ்ச மாதிரி தெரிஞ்சதால போர்ட மட்டும் எடுத்து லைட்டு கம்பத்துல உயரமா கட்டிட்டேன், அங்கேருந்து பட்டனுக்கு ஒரு பன்னெண்டு மீட்டர் வயரு, லைட்டு கேபிளோட சேத்துக் கட்டி எறக்குனேன். பின்னு வரிசை 25, 26, 27, 34, 35, 32, 33. எல்லாத்தையும் புரோகிராம் கோடுல இன்புட் புல்அப்னு (பட்டன் அமுக்காதப்ப பின்னோட வோல்ட்டேஜ மேல இழுத்து வைக்கிறது) போட்டிருக்கேன். இன்னொன்னு, ஒத்திகையிலகூட நாலாவது அஞ்சாவது பட்டன் சில சமயம் ரெண்டாவது அமுக்குக்குத்தான் வந்துச்சு, பட்டன் லூசுன்னு நெனச்சேன்.

கூலிம்_கரண்டு · திங்கள், காலை 10.20

இந்த ஒரு பதில்லயே பாதி வெளங்கிடுச்சு தம்பி. ஒங்க போர்டு கெட்டுப் போகல, பட்டனும் லூசு இல்ல. இஎஸ்பி32ல 34லேருந்து 39 வரைக்கும் உள்ள பின்னுங்க இன்புட் மட்டும்தான், அதுங்களுக்கு உள்ளுக்குள்ள புல்அப்பே கெடையாது. கோடுல நீங்க புல்அப்னு எழுதுனாலும் அது கண்டுக்காது. அதனால 34ம் 35ம் அந்தரத்துல தொங்குது. தொங்குற பின்னு ஆன்டெனா மாதிரி, பக்கத்துல என்ன நடந்தாலும் அத பட்டன் அமுக்குனதா எடுத்துக்கும்.

இப்ப கணக்கு போடுங்க. நாலாவது பட்டன் மழை, அது 34. லைட்ட பாதியா கொறைக்கிறப்பன்னு சொன்னீங்க பாருங்க, அதான் முக்கியம். பழைய மாதிரி டிம்மர் கரண்ட வெட்டி வெட்டித்தான் கொறைக்கும், 50 ஹெர்ட்ஸ்ல நொடிக்கு 100 தடவ வெட்டுது. முழுசா எரியிறப்ப வெட்டு கம்மி, பாதியில இருக்கிறப்பதான் அலையோட உச்சியில வெட்டும், அப்பதான் எரைச்சல் ஆக மோசம். அதே கேபிளோட பன்னெண்டு மீட்டர் சேத்துக் கட்டியிருக்கீங்க. மழை வராம என்ன செய்யும்.

ஒன்னு கேக்குறேன், அந்த நேரத்துல அஞ்சாவது, அதான் பெரட்டு படம், அதுவும் குதிச்சுதா?

சிப்புட்_புரொஜெக்டர் · திங்கள், காலை 10.41

ஆமாண்ணே!! ரெண்டு தடவ மொதல்லேருந்து ஆரம்பிச்சுது, அத்தைதான் பதட்டத்துல அமுக்கிட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டேன். வீடியோவ இப்ப திரும்பப் பாத்தேன், அவங்க கை பெட்டி மேலயே இல்ல. இன்னிக்கே போயி சொல்லிடுறேன், அவங்க ராத்திரி சரியா சாப்புடக்கூட இல்ல.

கூலிம்_கரண்டு · திங்கள், காலை 11.05

மொதல்ல அத சொல்லுங்க, சாலிடரிங் பொறவு பாக்கலாம்.

வேலை இதுதான். 34, 35 ரெண்டையும் விட்டுட்டு புல்அப் உள்ள பின்னுக்கு மாத்துங்க. பின்னு 0ல பட்டன் வைக்காதீங்க, அத அமுக்கிக்கிட்டே போர்ட ஆன் பண்ணா புரோகிராம் ஏத்துற மோடுக்குப் போயிடும். உள்ள இருக்கிற புல்அப் 45 ஆயிரம் ஓம் கிட்ட இருக்கும், நீள வயருக்கு அது ரொம்ப பலவீனம், அதனால வெளிய ஒவ்வொரு பட்டனுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 3.3 வோல்ட்டுக்கு போடுங்க, பின்னு பக்கத்துலயே ஒரு 0.1 மைக்ரோ கெப்பாசிட்டர் கிரவுண்டுக்கு. வயருக்கு நெட்வொர்க் கேபிள உரிச்சிக்குங்க, ஒரு ஜோடி ஒரு பட்டனுக்கு, ஜோடியில ஒன்னு பட்டன், இன்னொன்னு அதோட கிரவுண்டு. லைட்டு கேபிளோட சேந்து ஓடக்கூடாது, குறுக்க போய்த்தான் ஆகணும்னா நேர் குறுக்கா ஒரே எடத்துல தாண்டுங்க.

கோடுல, பின்னு கீழ போன ஒடனே நம்பாதீங்க. 30 மில்லிசெகண்ட் விடாம கீழயே இருந்தாத்தான் அமுக்குனதா கணக்கு. எந்த பட்டனா இருந்தாலும் உள்ள இருக்கிற தகடு ஒட்டுறப்ப சில மில்லிசெகண்டு துள்ளும், அந்த துள்ளலும் இதுல அடிபட்டுப் போயிடும், டிம்மர் எரைச்சலும் அடிபட்டுப் போயிடும்.

மேடைலைட்_தைப்பிங் · திங்கள், மதியம் 1.30

கப்பல் வராததுக்கு நான் சொல்றேன், அது வேற வியாதி. ஓஎஸ்சி சாதாரணமா யூடிபியில போகும். யூடிபின்னா லெட்டர தபால் பெட்டியில போடுற மாதிரி, போட்டாச்சு அவ்ளோதான், போயி சேந்துச்சா இல்லையான்னு அனுப்புனவனுக்குத் தெரியாது. ஒங்க இஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பேசும். ஒத்திகையில ஹால் காலி. ஷோவுல எத்தன பேரு, ஒவ்வொருத்தர் பையிலயும் போனு, பாதி பேரு ஹாட்ஸ்பாட்ட திறந்து வச்சிருப்பாங்க, பத்தாததுக்கு மனுச ஒடம்பு முழுக்க தண்ணி, 2.4 சிக்னல நல்லா உறிஞ்சும். ஹால் காலியா இருக்கிறப்ப டெஸ்ட் பண்ணி ஒரு பிரயோசனமும் இல்ல தம்பி. நான் இந்த பாடத்த ஒரு கல்யாணத்துல கத்துகிட்டேன், பொண்ணு மாப்பிள்ளை உள்ள நடந்து வர்ற நேரம், அத இப்ப நெனச்சாலும் வயித்த பெசையுது.

வயரு போட்டுடுங்க. லேன் சாக்கெட்டோடவே வர்ற இஎஸ்பி32 போர்டு கெடைக்குது, கோட்ட பெரிசா மாத்த வேணாம். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், ஒங்க ஹாலுக்கு தாராளம். லேப்டாப்புக்கும் போர்டுக்கும் மாறாத ஐபி குடுத்துடுங்க. புது எடத்துல புது ரௌட்டர்ல மாட்டுனா விண்டோஸ் அத பப்ளிக் நெட்வொர்க்குன்னு எடுத்துகிட்டு ஃபயர்வால் உள்ள வர்றத தடுக்கும், பட்டன் பெட்டி செத்த மாதிரியே இருக்கும். சொந்த சுவிட்ச் ஒன்ன பெட்டியிலயே எடுத்துகிட்டு போங்க, ஊருக்கு ஊரு மாத்தாதீங்க.

பட்டர்வொர்த்_விஜே · திங்கள், மாலை 6.10

வயரு போட முடியலன்னா ஒரு வழி இருக்கு பாஸ், ஒரே மெசேஜ அஞ்சு தடவ அனுப்புங்க, ஒன்னாவது போயி சேரும், நான் கிளப்புல அப்படித்தான் பண்றேன்.

மேடைலைட்_தைப்பிங் · திங்கள், மாலை 6.32

கிளப்புல ஓடுற லூப்புக்கு அது சரி. நாடகத்துக்கு ஆகாது. ஓடுற கிளிப்ப திரும்ப தட்டுனா, செட்டிங்க மாத்தாத வரைக்கும் மொதல்லேருந்து ஓடும். அஞ்சு மெசேஜ்ல மூணு போயி சேந்தா கப்பல் மூணு தடவ துடிச்சிட்டுத்தான் கெளம்பும். தம்பிக்கு சனிக்கிழமை நடந்தது அதான்.

பட்டர்வொர்த்_விஜே · திங்கள், மாலை 6.40

ஆமா சரிதான், என் லூப்பெல்லாம் எங்க ஆரம்பிச்சாலும் ஒன்னும் தெரியாது. அப்ப மிடி (இசைக் கருவிங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கிற முறை) பட்டன் பேடு ஒன்ன யூஎஸ்பியில மாட்டிட்டா என்ன? மிடி 1983லேருந்து இருக்கு, ரெசொலும்ல ஷார்ட்கட் மோடு போயி பட்டன அமுக்கிக் காட்டுனா போதும், கோடே எழுத வேணாம்.

ஈப்போ_சவுண்டு · திங்கள், இரவு 9.00

லேப்டாப் அத்தை பக்கத்துல இருந்தா நானும் அதத்தான் சொல்லுவேன். யூஎஸ்பி கேபிள் 5 மீட்டர தாண்டுனா நம்ப முடியாது. அதோட அந்த பேடுல பட்டனெல்லாம் வெரல் நகம் அளவுதான், இருட்டுல வயசானவங்க கைக்கு சரி வராது. கீபோர்டு மாதிரி நடிக்கிற போர்டு மாட்டலாம்னு யாராச்சும் சொல்ல வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன், வேணாம். நடுவுல ஏதாச்சும் அப்டேட் ஜன்னல் எழும்பி முன்னுக்கு வந்துடுச்சுன்னா கீ அங்க போயிடும். மிடியும் ஓஎஸ்சியும் எந்த ஜன்னல் முன்னுக்கு இருக்குன்னு பாக்காது.

நான் கேக்க வந்தது வேற. எதுக்கு ஆறு பட்டன்? நாடகம் ஒன்னுக்கு அப்புறம் ஒன்னு வரிசையாத்தானே போகுது. பெரிய மேடையில எல்லாம் ஒரே ஒரு கோ பட்டன்தான், அமுக்குனா அடுத்த கியூ, அதான் வரிசையில அடுத்து வர்ற மாற்றம். கியூலேப்னு ஷோ ஓட்டுற சாஃப்ட்வேர்ல ரெண்டு தடவ பட்டுட்டா தடுக்கிறதுக்கு டபுள் கோ புரொடெக்ஷன்னே ஒரு செட்டிங் இருக்கு. ஒரு பட்டன்னா தப்பா அமுக்க எடமே இல்ல.

சிப்புட்_புரொஜெக்டர் · திங்கள், இரவு 9.26

கியூலேப் மேக்ல மட்டும்தான் ஓடும், எங்ககிட்ட மேக் இல்ல. ஆனா காரணம் அது மட்டும் இல்லண்ணே. எங்க ஆளுங்க தொழில் நடிகருங்க கெடையாது. போன வருஷம் ஒரு அக்கா மறந்து லயத்துக் காட்சிய தாண்டி நேரா பால்வெட்டுக்குப் போயிட்டாங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஞாபகம் வந்து திரும்ப லயத்துக்கு வந்தாங்க. சனங்களுக்கு ஒன்னும் தெரியல, நல்லாதான் இருந்துச்சு. ஒரே கோ பட்டன் இருந்திருந்தா அங்கேருந்து கடைசி வரைக்கும் எல்லா படமும் ஒரு காட்சி தள்ளிப் போயிருக்கும். ஆறு பட்டன்ல தப்பா அமுக்குனா தப்பான படம் வரும், சரியானத அமுக்குனா அந்த நிமிஷமே சரியாயிடும்.

ஈப்போ_சவுண்டு · திங்கள், இரவு 9.40

அப்ப ஆறு பட்டன்தான் சரி, நான் வாபஸ் வாங்கிக்கிறேன். நடிக்கிறவங்களுக்காகத்தான் பெட்டி.

தமிழ்ப்பள்ளி_டீச்சர் · செவ்வாய், மாலை 4.15

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பள்ளிக்கூடத்துல ஒரு மூலையில தோட்டத்துச் சாமானெல்லாம் வச்சிருக்கோம், உளி, மங்கு (பால் புடிக்கிற கிண்ணம்), காண்டா கம்பு (தோள்ல வாளி தூக்குற கம்பு), வாளி. பிள்ளைங்க பட்டன அமுக்குனா அந்தச் சாமான எப்புடி பயன்படுத்துனாங்கன்னு ஒரு சின்ன வீடியோ ஓடணும். அதுக்கும் இந்த லேப்டாப், ரெசொலும் எல்லாம் வேணுமா?

கூலிம்_கரண்டு · செவ்வாய், மாலை 5.02

வேணாம் டீச்சர். ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு டிவி, நாலு பட்டன் போதும், பட்டன நேரா அதோட பின்னுலயே மாட்டலாம். 3.3 வோல்ட்டுக்கு மேல அந்தப் பின்னுக்குக் குடுக்கக்கூடாது, அது மட்டும் ஞாபகம். பிள்ளைங்க விடாம குத்துவாங்க, அதனால ஒரு வீடியோ ஆரம்பிச்சா முதல் அஞ்சு நொடிக்கு வேற பட்டன கேக்காத மாதிரி எழுதிடணும், முடிஞ்சதும் தானா சும்மா ஓடுற படத்துக்குத் திரும்பணும். உளிய கண்ணாடிக்குள்ள வச்சிருக்கீங்கதானே. தனி இழை திறங்க டீச்சர், கோடு நான் எழுதித் தர்றேன்.

மேடைலைட்_தைப்பிங் · செவ்வாய், இரவு 10.18

தம்பி, வயரு, பின்னு எல்லாம் சரி பண்ணிடுவீங்க. ஆனா அத்தை திரும்ப தைரியமா கை வைக்கிறதுக்கு அது பத்தாது. ஒங்க பட்டன்ல லைட்டு இருக்கா? எப்ப எரியிற மாதிரி வச்சிருக்கீங்க?

சிப்புட்_புரொஜெக்டர் · செவ்வாய், இரவு 10.30

இருக்குண்ணே. அமுக்குனா எரியும், கைய எடுத்தா அணையும்.

மேடைலைட்_தைப்பிங் · செவ்வாய், இரவு 11.14

அதான். சனிக்கிழமை அவங்க கப்பல அமுக்குனப்பவும் லைட்டு எரிஞ்சிருக்கும். அவங்களுக்கு என்ன தெரியும், லைட்டு எரியுது, அப்ப நான் சரியாத்தான் அமுக்குனேன், ஆனா படம் வரல, அப்ப யாரு தப்பு? எரியிற லைட்டு அவங்கள ஏமாத்திடுச்சு. கை பட்டதுக்கு எரியிற லைட்டால ஒரு லாபமும் இல்ல, அது வெரலுக்கே தெரியும். சர்வரு வாங்கிட்டேன்னு சொன்னாத்தான் லைட்டு எரியணும்.

ரெசொலும் உள்ள வாங்குறது மட்டும் இல்ல, வெளியயும் ஓஎஸ்சி அனுப்பும். பிரிஃபரன்ஸ்ல ஓஎஸ்சி அவுட்புட்ட ஆன் பண்ணி போர்டோட ஐபிய குடுங்க, எந்த கிளிப் ஓடுதுன்னு அது திருப்பி சொல்லிக்கிட்டே இருக்கும். பட்டன அமுக்குனா லைட்டு வேகமா சிமிட்டட்டும், ரெசொலும்லேருந்து பதில் வந்ததும் நின்னு எரியட்டும், மத்த லைட்டெல்லாம் அணையட்டும். சிமிட்டிக்கிட்டே இருந்தா போயி சேரல, திரும்ப அமுக்கணும். நின்னு எரிஞ்சா கைய எடுத்துடலாம். திரைய திரும்பிப் பாக்காமயே இப்ப எந்தப் படம் ஓடுதுன்னு அவங்களுக்குத் தெரியும். நீங்க பின்னாடி மவுஸ்ல மாத்துனாக்கூட அவங்க பெட்டியில லைட்டு மாறும். இத்தன வருஷத்துல நான் கத்துகிட்ட ஒரே பெரிய விஷயம் இதுதான், பட்டன விட லைட்டுதான் முக்கியம்.

இன்னொன்னு, எந்தக் காட்சிக்கு அப்புறம் எது வரலாம்ங்கிற புத்தியெல்லாம் பெட்டிக்குள்ள எழுதாதீங்க. பெட்டிக்கு ஒரே வேலை, மூணாவது பட்டன் அமுக்குனாங்கன்னு சொல்றது. மிச்சத்த ரெசொலும் பாத்துக்கட்டும். ஷோ அன்னிக்கு காலையில காட்சி வரிசை மாறுனா கோட்ட திறந்துகிட்டு உக்காரக்கூடாது.

சிப்புட்_புரொஜெக்டர் · புதன், காலை 6.50

இது எனக்கு தோணவே இல்லண்ணே. ராத்திரி படிச்சிட்டு தூக்கம் வரல.

பட்டன் பத்தி ஒரு கேள்வி. பக்கத்து செம்பனை ஆலையில வேலை செய்யிற மாமா பழைய பேனல்லேருந்து கழட்டுன 22 எம்எம் பட்டன் ஏழெட்டு குடுத்தாரு, லைட்டோட, இரும்பு மாதிரி இருக்கு. கேம் பட்டன விட இது மேல்தானே?

கூலிம்_கரண்டு · புதன், காலை 8.33

ஒடம்பு நல்ல ஒடம்புதான், ஆனா ஒரு விஷயம். ஆலை பட்டன் உள்ள தகடு பெரும்பாலும் வெள்ளி, 24 வோல்ட், 240 வோல்ட்டுன்னு நல்ல கரண்டு ஓடுறதுக்குன்னு செஞ்சது. வெள்ளி மேல கருப்பு படலம் கட்டும், ஆலைக் காத்துக்கு இன்னும் சீக்கிரம். அங்க கரண்டு அதிகம்ங்கிறதால அமுக்குற ஒவ்வொரு தடவயும் அந்தப் படலம் எரிஞ்சு சுத்தமாயிடும். ஒங்க போர்டு உள் புல்அப்ல அனுப்புறது ஒரு மில்லிஆம்ப்ல பத்துல ஒரு பங்குகூட இல்ல, அது படலத்த ஒடைக்காது. இன்னிக்கு ஓடும், மூணு மாசம் சும்மா பெட்டியில கெடந்துட்டு எடுத்தா ஒரு தடவ ஓடும், ஒரு தடவ ஓடாது. 1 கிலோ ஓம் போட்டா 3 மில்லிஆம்ப் கிட்ட வரும், கொஞ்சம் தேவல, ஆனா வெள்ளிக்கு அதுவும் கம்மிதான். கேம் பட்டன்ல சின்ன மைக்ரோசுவிட்ச், தனியா கழட்டி மாத்தலாம், தங்க முலாம் தகடு உள்ளதா பாத்து வாங்குங்க. லைட்டு எத்தன வோல்ட்டுன்னும் பாருங்க, கேம் பட்டன்ல நெறைய 12 வோல்ட் வரும், நேரா பின்னுல மாட்டிடாதீங்க, நடுவுல டிரான்சிஸ்டர் வேணும்.

சிப்புட்_புரொஜெக்டர் · 3 வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 5.20

எல்லாருக்கும் நன்றி, பெட்டி முடிஞ்சுது, முழுசா எழுதுறேன்.

லேன் போர்டு போட்டாச்சு, 20 மீட்டர் கேபிள், சொந்த சுவிட்ச், ஐபி எல்லாம் மாறாதது. போர்டு பெட்டிக்குள்ளயே இருக்கு, பட்டன் வயரு ஒரு சாண்தான். 1 கிலோ ஓம், 0.1 மைக்ரோ எல்லாம் கூலிம் அண்ணன் சொன்ன மாதிரியே. ரெசொலும் பதில் சொன்னா லைட்டு நிக்குது. லேப்டாப்புல தூங்குற செட்டிங், யூஎஸ்பிய தூங்க வைக்கிற செட்டிங் எல்லாத்தையும் அணைச்சாச்சு.

வேணும்னே மோசமா டெஸ்ட் பண்ணேன். டிம்மர பாதியில வச்சிட்டு அரை மணி நேரம் யாரும் தொடாம விட்டேன், ஒன்னும் வரல. கேபிள கழட்டிட்டு அமுக்குனேன், லைட்டு சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு, திரும்ப மாட்டிட்டு அமுக்குனேன், நின்னுச்சு. அத்தைய பக்கத்துல உக்கார வச்சு காட்டுனேன். அவங்களே கேபிள ஒரு தடவ புடுங்கிப் பாத்தாங்க. பொறவு ஒன்னும் பேசாம கப்பல், லயம், பால்வெட்டுன்னு ஒவ்வொன்னா அமுக்கி, ஒவ்வொரு லைட்டும் நிக்குற வரைக்கும் பாத்துகிட்டே இருந்தாங்க.

நான் பட்டன் மேல எழுத்து ஒட்டலாம்னு இருந்தேன். அத்தை வேணாம்னுட்டாங்க, இருட்டுல எத போயி படிக்கிறதுன்னு. மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையோட வந்தாங்க. கப்பல் பட்டன் பக்கத்துல ஒரு துண்டு தேங்காநார் கயிறு. லயத்துக்கு ஒரு அடுப்புக்கரித் துண்டு, மேல வார்னிஷ் அடிச்சிட்டேன். பால்வெட்டுக்கு ரப்பர் கொட்டை, அது வழுவழுன்னு வெரலுக்கு ஒடனே தெரியும். மழைக்கு நெளிஞ்ச தகரத் துண்டு ஒன்னு, லயத்துக் கூரைத் தகரம், மழை அதுலதான் சத்தம் போடும்னாங்க, ஓரத்த நல்லா ராவிட்டு ஒட்டுனேன். பெரட்டுக்கு மங்கு ஒடைஞ்ச சில்லு. செம்பனைக்கு ஒரு முள்ளு, மொனைய வெட்டிட்டு. எல்லாத்தையும் எப்பாக்சி போட்டு பட்டனுக்கு இடது பக்கமா ஒட்டியிருக்கு, இடது கை வெரல் தடவிக் கண்டுபுடிக்கும், வலது கை அமுக்கும். இருட்டாக்குற பட்டன் மட்டும் தனியா, ஒரு மூடி போட்டு, தூரமா.

ஆரம்பப் படத்தையும் மாத்திட்டோம். குவாலா கங்சார் பக்கத்துலதானே, அங்க 1877ல நட்ட ரப்பர் மரம் ஒன்னு இன்னும் நிக்குது, போயி எடுத்துட்டு வந்தோம். கப்பலுக்கு முன்னாடி அது ஓடும்.

ஈப்போ_சவுண்டு · ஞாயிறு, இரவு 8.45

தகரத்த படிச்சதும் எங்க அம்மா நெனப்பு வந்துடுச்சு தம்பி. அந்தப் பெட்டிய போட்டோ எடுத்துப் போடுங்க.

சிப்புட்_புரொஜெக்டர் · அடுத்த ஞாயிறு, காலை 9.10

நேத்து ஷோ முடிஞ்சுது. டேவான் நெறைய ஆளு, சாயந்தரம் நல்ல இடி மழை வேற, நான் லேப்டாப்ப பேட்டரியில ஓட்டிட்டு ஷோவுக்கு கொஞ்சம் முன்னாடிதான் கரண்டுல மாட்டுனேன். 31 தடவ அமுக்குனாங்க, 31ம் மொத தடவயே நின்னு எரிஞ்சுது, போர்டு கணக்கு எழுதி வச்சிருக்கு. கப்பல் காட்சியில மொதல்ல ஒரு நொடி தயங்குனாங்க, அப்புறம் பெட்டிய பாக்கவே இல்ல, மேடையவே பாத்துகிட்டு வெரலால தேடித் தேடி அமுக்குனாங்க. பெரட்டுக் காட்சியில லைட்டு பாதிக்கு எறங்குறப்ப எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுகிச்சு. மழை வரல. மூணு பேரும் நிரைக்குப் போனாங்க.

முடிஞ்சதும் ஒரு தாத்தா பெட்டிகிட்ட வந்து ரப்பர் கொட்டைய தடவிப் பாத்துகிட்டே ரொம்ப நேரம் நின்னாரு.

பட்டர்வொர்த்_விஜே · அடுத்த ஞாயிறு, காலை 11.00

பாஸ் ரொம்ப சந்தோஷம். நானும் இதே மாதிரி ஒன்னு கட்டப் போறேன், பட்டன் பொறுத்திருக்கிற நேரம் கடைசியில 30தான் வச்சீங்களா?

சிப்புட்_புரொஜெக்டர் · அடுத்த ஞாயிறு, மதியம் 12.15

மொதல்ல 30 வச்சேன், அத்தை சில சமயம் லேசா தட்டிட்டு கைய எடுத்துடுறாங்க, ரெண்டு தடவ தவறுச்சு, அதனால 20க்கு எறக்கிட்டேன். ஒரு தடவ அமுக்குனா அதே பட்டன் அடுத்த 500 மில்லிசெகண்டுக்கு கேக்காது. கோட்ட இன்னிக்கு ராத்திரி இங்கயே போடுறேன்.